அடிக்கும் காவலாளி

2019 மார்ச் மாதம் சிட்னி நகர நீதிமன்றத்தில் ஜெனி ஹெய்ன்ஸ் என்ற பெண் தன் தந்தைக்கு எதிராகச் சாட்சி சொல்ல வந்தார். அவருக்கு வயது ஐம்பதை நெருங்கிக்கொண்டிருந்தது. ஆனால் அன்று பேசியது சிம்ஃபனி என்ற நான்கு வயதுச் சிறுமி. ஜெனிக்குள் வாழும் ஏராளமான ஆளுமைகளில் முதலில் பிறந்தவள் அவள்தான். அவளுக்குப் பிறகு சாட்சி சொல்ல வேறு சில ஆளுமைகளும் தயாராக இருந்தன. அதற்குத் தேவையே வரவில்லை. சிம்ஃபனி பேசத் தொடங்கி ஏறக்குறைய இரண்டரை மணி நேரத்தில் தந்தை ரிச்சர்ட் ஹெய்ன்ஸ் மறுப்பதை நிறுத்திவிட்டு, மிகக் கொடிய 25 குற்றங்களை ஒப்புக்கொண்டார். அந்த ஆண்டு செப்டம்பரில் தீர்ப்பு வந்தது: 45 ஆண்டுச் சிறை. அப்போது அவருக்கு 74 வயது. 33 ஆண்டுகள் கழியும்வரை பரோல் கேட்கவும் முடியாது.

எழுபதுகளிலும் எண்பதுகளின் தொடக்கத்திலும், ஜெனிக்கு நான்கு வயது முதல் ஏறக்குறைய பதினொரு வயதுவரை, அந்த வீட்டில் பாலியல் வன்கொடுமை அநேகமாகத் தினசரி நடந்தது. அவருடைய பார்வை, தாடை, குடல், வால் எலும்பு ஆகியவை நிரந்தரமாகச் சேதமடைந்தன. உடலைத் தாண்டியும் அந்த மனிதர் கை வைத்தார். நீ நினைப்பது எனக்குக் கேட்கும் என்று மகளை நம்பவைத்தார். வெளியே சொன்னால் மட்டுமல்ல, மனதில் நினைத்தாலே அம்மாவையும் உடன்பிறந்தவர்களையும் கொன்றுவிடுவேன் என்று மிரட்டினார். அந்தக் குழந்தை தலைக்குள் எப்போதும் பாட்டை ஓடவிட்டு, தன் எண்ணங்கள் அப்பாவுக்குக் கேட்காமல் மறைத்துக்கொண்டது. ஓடி ஒளியச் சொந்த மனம்கூட இல்லாத ஒரு குழந்தைக்கு என்னதான் வழி இருக்கிறது?

ஜெனியின் மனம் கண்டுபிடித்த வழி சிம்ஃபனி. கதவு திறக்கும் ஓசை கேட்டதும் ஜெனி விலகிவிடுவாள், சிம்ஃபனி முன்னால் வந்து நிற்பாள். அப்பா கொடுமைப்படுத்தியது தன்னை அல்ல, சிம்ஃபனியை என்றுதான் ஜெனி பின்னாளில் விளக்கினார். கொடுமை தொடரத் தொடர, சிம்ஃபனிக்கும் துணை தேவைப்பட்டது. மசில்ஸ் வந்தான்: உயரமானவன், வலுவான கைகள் தெரிய உடுத்துபவன், பதற்றமில்லாத பாதுகாவலன். வால்கேனோ வந்தான்: தலை முதல் கால்வரை கறுப்புத் தோல் உடை, வெளுத்த தலைமுடி. ரிக் என்று ஒருவன். அவன் முகத்தை மறைக்கும் பெரிய கண்ணாடி, தந்தை அந்தக் காலத்தில் அணிந்த அதே கண்ணாடி. மொத்தம் 2,500 ஆளுமைகள் என்கிறார் ஜெனி. ஒவ்வொருவருக்கும் சுமக்க ஒரு நினைவு, பார்க்க ஒரு வேலை. இத்தனைக்கும் நடுவே அவர் படித்து முனைவர் பட்டமும் பெற்றார். படித்தவை சட்டமும் தத்துவமும்.

மருத்துவம் இந்த நிலையை 1980இல் பன்முக ஆளுமைக் கோளாறு என்று அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கையேட்டில் சேர்த்தது. 1994இல் பெயர் மாறியது. இப்போது விலகல் அடையாளக் கோளாறு. ஒரே உடலில் இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட தனித்தனி அடையாளங்கள் மாறி மாறிப் பொறுப்பேற்பதும், ஒன்றின் காலத்தில் நடந்தது மற்றொன்றின் நினைவில் இல்லாமல் போவதும் இதன் முக்கிய அறிகுறிகள். அமெரிக்காவில் ஒரு சிறு சமூகத்தில் நடந்த ஆய்வில் நூற்றுக்கு ஒன்றரைப் பேருக்கு இது இருந்ததாக அந்தக் கையேடு குறிப்பிடுகிறது. ஃபிராங்க் பட்னம் என்ற அமெரிக்க மனநல மருத்துவரின் குழு 1986இல் இப்படிப்பட்ட 100 பேரைப் பற்றி வெளியிட்ட ஆய்வில், 97 பேருக்குச் சிறுவயதில் கடும் மனக்காயம் நேர்ந்திருந்தது.

தமிழ் வாசகர் பலருக்கு இந்த நிலை 2005ஆம் ஆண்டில் அறிமுகமானது. ஏப்ரலில் 'சந்திரமுகி', ஜூனில் 'அந்நியன்'. முதல் படத்தில் உள்ளே இருந்த ஆளுமை பழிவாங்கத் துடித்தது. கடைசியில் அதை ஏமாற்றி வெளியேற்றினார்கள். இரண்டாவதில் உள்ளே இருந்தவன் ஊரில் தப்பு செய்பவர்களைத் தேடித் தேடிக் கொன்றான். இரண்டும் ரசிக்கத்தக்க படங்கள்தான். ஆனால் நிஜத்தில் இந்த மனிதர்களால் ஆபத்து யாருக்கு என்று கேட்டால் பதில் வேறு. புறநோயாளிகளாகச் சிகிச்சை பெறுபவர்களில் 70 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் தற்கொலைக்கு முயன்றிருக்கிறார்கள் என்று 2013இல் வந்த கையேட்டுப் பதிப்பு சொல்கிறது. ஆபத்து அவர்களுக்கே. 'வெளியேற்றுவது' என்ற எண்ணமும் சிகிச்சைக்கு நேர் எதிரானது. ஏன் என்று பார்க்கும் முன், ஒரு மனம் எப்படி இத்தனை பேராகிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

ஒரு முழு மனிதன் பின்னால் உடைந்து பலராகிறான் என்று நினைப்பது சரியல்ல. குழந்தை பிறக்கும்போதே 'நான்' என்ற ஒற்றை உணர்வோடு பிறப்பதில்லை. பசியில் ஒரு நிலை, விளையாட்டில் ஒரு நிலை, பயத்தில் ஒரு நிலை என்று அதன் மனம் துண்டு துண்டாகத்தான் இயங்குகிறது. அன்பான ஒருவர் தூக்கி, ஆற்றி, பெயர் சொல்லி அழைத்துப் பேசப் பேச, ஆண்டுக்கணக்கில் அவை ஒன்றோடொன்று கோர்க்கப்பட்டு ஒரே ஆளாகின்றன. தூக்கி ஆற்ற வேண்டியவரே அச்சத்தின் காரணமாக இருந்தால் இந்தக் கோர்வை நடப்பதில்லை. ஓடிப்போய்க் கட்டிக்கொள்ள வேண்டிய ஆளும், ஓடித் தப்ப வேண்டிய ஆளும் ஒருவரே. இத்தாலிய மனநல மருத்துவர் ஜொவானி லியோட்டி இந்த முடிச்சைத்தான் விலகல் கோளாறுகளின் வேராகப் பார்த்தார். மினசோட்டாவில் குழந்தைகளைப் பிறப்பிலிருந்து பின்தொடர்ந்த ஆய்வின் முடிவுகள் 1997இல் வந்தபோது, கைக்குழந்தைப் பருவத்தில் பெற்றோரிடம் இப்படிக் குழம்பிய பிணைப்பு கொண்டவர்கள் இளமையில் விலகல் அறிகுறிகளை அதிகம் காட்டியது தெரிந்தது.

அமெரிக்க உளவியலாளர் ஜெனிஃபர் ஃபிரைட் இன்னொரு கோணத்தைச் சேர்த்தார். சோறு போடுபவரே கொடுமை செய்தால், அதை அறிந்திருப்பதே குழந்தைக்கு ஆபத்து. அறிந்தால் அவரை விட்டு விலகத் தோன்றும். விலகினால் பிழைக்க முடியாது. ஆகவே ஒரு பகுதி அறிந்து சுமக்கிறது, மற்றொரு பகுதி அறியாமல் பள்ளிக்குப் போகிறது, வீட்டுப்பாடம் எழுதுகிறது, மாலையில் அதே அப்பாவிடம் கையெழுத்து வாங்குகிறது. பல ஆளுமை என்ற ஏற்பாடே அடிப்படையில் ஒரு பாதுகாப்பு ஏற்பாடு என்பது இங்கேதான் தெளிவாகிறது.

இது நடிப்பில்லையா என்ற கேள்வி பழையது, நியாயமானதும்கூட. 1973இல் வெளியாகிப் பெரும் பரபரப்பை உண்டாக்கிய 'சிபில்' என்ற நூலின் உண்மைத்தன்மை பின்னால் கடும் சந்தேகத்துக்கு உள்ளானது. எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் அமெரிக்காவில் சில சிகிச்சையாளர்கள் ஹிப்னாடிசத்தின் மூலம் இல்லாத நினைவுகளையும் இல்லாத ஆளுமைகளையும் நோயாளிகளின் மனதில் விதைத்தார்கள். குடும்பங்கள் சிதைந்தன, வழக்குகள் நடந்தன. நிக்கோலஸ் ஸ்பானோஸ் போன்ற உளவியலாளர்கள் இந்த நிலை முழுவதும் சமூகம் கற்றுக்கொடுக்கும் ஒரு வேடம் என்றே வாதிட்டார்கள். அந்த எச்சரிக்கை இன்றும் தேவை. ஆனால் வேடம் என்ற விளக்கம் மட்டும் போதாது என்பதற்கு ஆய்வுக்கூடத்திலிருந்து நல்ல சான்றுகள் வந்துவிட்டன.

நெதர்லாந்தில் சிமோனே ரைண்டர்ஸ் தலைமையில் நடந்து 2012இல் வெளியான ஆய்வைப் பார்க்கலாம். பல ஆளுமை கொண்ட 11 பேர் ஒருபுறம். அவர்களைப் போல நடிக்கச் சொல்லிப் பயிற்சி தரப்பட்ட 18 பேர் மறுபுறம். நடித்தவர்களில் 10 பேர் கற்பனை வளம் மிகுந்தவர்கள். காயத்தின் நினைவைச் சுமக்கும் ஆளுமை முன்னால் இருக்கும்போது அந்த நினைவை வாசித்துக் காட்டினால் நோயாளியின் இதயத் துடிப்பும் ரத்த அழுத்தமும் எகிறின. அன்றாட வாழ்வை நடத்தும் ஆளுமை இருக்கும்போது அதே வரிகளை வாசித்தால், யாருக்கோ நடந்த கதையைக் கேட்பது போல உடல் அமைதியாக இருந்தது. மூளைக்குள் ரத்த ஓட்டமும் அதற்கேற்ப மாறியது. நடித்தவர்களால், எவ்வளவு கற்பனை இருந்தும், இந்த வேறுபாட்டைத் தங்கள் உடலில் கொண்டுவர முடியவில்லை.

ஜெர்மனியிலிருந்து வந்த இன்னொரு சான்று இதைவிட வியப்பானது. விபத்து ஒன்றுக்குப் பிறகு ஒரு பெண் பார்வை இழந்தார். மூளைச் சேதத்தால் வந்த குருடு என்று மருத்துவர்கள் முடிவு செய்தார்கள். வழிகாட்டி நாயோடு பத்தாண்டுக்கு மேல் வாழ்ந்தார். பிறகு மனச்சிகிச்சையின்போது அவருக்குள் பல ஆளுமைகள் இருப்பது தெரிந்தது. ஒருநாள் அவர்களில் ஒரு பதின்வயதுப் பையனுக்குப் பத்திரிகையின் அட்டையில் சில சொற்கள் தெரிந்தன! படிப்படியாகப் பெரும்பாலான ஆளுமைகளுக்குப் பார்வை திரும்பியது. புருனோ வால்ட்ஃபோகல், ஹான்ஸ் ஸ்ட்ராஸ்பர்கர் என்ற ஆய்வாளர்கள் அவரது தலையில் மின்முனைகளைப் பொருத்தி, கண் முன் காட்சி மாறும்போது மூளையில் எழும் மின் அலையைப் பதிவு செய்தார்கள். பார்க்கும் ஆளுமை முன்னால் இருந்தபோது அலை இயல்பாக இருந்தது. குருட்டு ஆளுமை வந்ததும் அது மறைந்தது. ஆளுமை சில நொடிகளில் மாறினால் அலையும் அதே வேகத்தில் வந்தது, போனது. சிகிச்சை முன்னேறிய பிறகும் இரண்டு ஆளுமைகள் குருடாகவே இருந்தன. தாங்க முடியாத நேரங்களில் பார்க்காமல் இருக்க ஓர் ஒதுங்குமிடம் அது என்பது ஆய்வாளர்களின் ஊகம். பார்க்காமல் இருப்பதும் ஒரு காவல் வேலைதான்.

உள்ளே இருக்கும் காவலர்கள் ஒரே அச்சில் வார்த்தவர்கள் அல்ல. வலியைத் தானே வாங்கிக்கொள்பவர், சிம்ஃபனியைப் போல. முறைத்து நின்று வெளியாளை விரட்டுபவர். எந்த நேரத்தில் யார் முன்னால் வரலாம், எந்த நினைவு யாருக்குப் போகலாம் என்று வாசலில் நின்று தீர்மானிப்பவர். அழுகிற குழந்தை ஆளுமைகளைத் தாயைப் போல் ஆற்றுபவர். எல்லாரையும் அறிந்து, உணர்ச்சிவசப்படாமல் சிகிச்சையாளருக்கே வழி சொல்லும் ஒருவரைப் பற்றி ரால்ஃப் அல்லிசன் என்ற அமெரிக்க மருத்துவர் எழுபதுகளில் எழுதினார். இவர்களையெல்லாம் காவலர்கள் என்று ஒப்புக்கொள்வது எளிது.

கடினம் வேறொருவரிடம். கிட்டத்தட்ட எல்லாக் குழுவிலும் ஒருவர் இருப்பார்: கொடுமை செய்தவரின் குரலிலேயே பேசுபவர். நீ அசிங்கம், நீதான் காரணம், வாயைத் திறந்தால் தொலைந்தாய் என்று உள்ளேயே திட்டுபவர். சிகிச்சைக்குப் போய் வந்த அன்று இரவு கையில் பிளேடால் கீறவைப்பவர். குழந்தை ஆளுமைகள் இவரைக் கண்டு நடுங்குகின்றன. மற்றவர்கள் இவரை வெறுக்கிறார்கள். நோயாளியின் குடும்பம் இவரை ஒழித்துவிடச் சொல்கிறது. அனுபவமில்லாத சிகிச்சையாளரும் இவரையே பகைவனாக எண்ணிவிடுவார்.

ஹங்கேரிய உளப்பகுப்பாய்வாளர் சாண்டோர் ஃபெரென்சி 1932இல் வீஸ்பாடன் மாநாட்டில் வாசித்த கட்டுரையில் இந்த ஆளின் பிறப்பை விளக்கிவிட்டார். அளவற்ற அச்சத்தில் சிக்கிய குழந்தை, தன்னைத் தாக்குபவரின் விருப்பத்தை அவர் சொல்லும் முன்பே ஊகித்து அடிபணிகிறது. தன்னை மறந்து, தாக்குபவராகவே தன்னுள் மாறுகிறது. சக பகுப்பாய்வாளர்கள் அன்று அந்தக் கட்டுரையை விரும்பவில்லை. அது எவ்வளவு துல்லியம் என்பது இன்று தெரிகிறது. அப்பாவின் மூச்சின் வேகத்தை வைத்தே இன்று என்ன நடக்கும் என்று கணிக்க வேண்டிய குழந்தைக்கு, அப்பாவை உள்ளேயே ஒரு நகல் எடுத்து வைத்துக்கொள்வது உயிர் காக்கும் உத்தி. வெளியே இருக்கும் ஆள் அடிக்கும் முன் உள்ளே இருக்கும் நகல் அதட்டிவிட்டால் குழந்தை அடங்கிவிடும், அடி குறையும். வெளியே சொன்னால் அம்மா சாவாள் என்று மிரட்டப்பட்ட வீட்டில், வாய் திறக்க முயலும் ஒவ்வொரு முறையும் கையைக் கீறித் தடுப்பவர், தன் கணக்கில் அம்மாவின் உயிரைக் காக்கிறார்.

இவருக்குத் தெரியாத செய்தி ஒன்றே ஒன்று: காலம் கடந்துவிட்டது. பிலிப்பைன்ஸின் லுபாங் தீவில் ஜப்பானிய ராணுவ அதிகாரி ஹிரூ ஓனோடா, உலகப் போர் முடிந்துவிட்டது என்பதை நம்பாமல் 1974வரை துப்பாக்கியோடு காட்டில் காவல் காத்தார். அவரைச் சரணடையவைத்தது படை பலமல்ல. தனக்குக் கட்டளையிட்ட மேலதிகாரியே நேரில் வந்து, உன் பணி முடிந்தது என்று சொன்ன பிறகுதான் துப்பாக்கியைக் கீழே வைத்தார். உள்ளே அடிக்கும் காவலரும் அப்படி விடுவிக்கப்படாத ஒருவர். அவரைப் பொறுத்தவரை இன்னும் அதே வீடு, அதே ஆண்டு. அந்த ஆள் இப்போதும் அடுத்த அறையில் இருக்கிறான்.

ஆகவே தேர்ந்த சிகிச்சையாளர் இவரோடு சண்டைக்குப் போவதில்லை. குழுவில் எல்லாருக்கும் முன்பாக இவரோடு பேசத் தொடங்குவதும் உண்டு. இந்தச் சந்திப்புகளில் பெரிய ரகசியம் எதுவும் கிடையாது. நீங்கள் எப்போது வந்தீர்கள், அன்று என்ன நடந்துகொண்டிருந்தது, நீங்கள் செய்வதை நிறுத்தினால் என்ன ஆகும் என்று பயப்படுகிறீர்கள் என்று கேட்கிறார். அந்தக் கடைசிக் கேள்விக்கான பதிலில்தான் பெரும்பாலும் காவல் வேலை வெளிப்படுகிறது. பிறகு, இது எந்த ஆண்டு என்று கேட்கிறார். மேசை மேலிருக்கும் நாட்காட்டியைக் காட்டுகிறார். உங்கள் கைகளைப் பாருங்கள், இவை குழந்தையின் கைகளா என்கிறார். எழுந்து நின்று கதவின் கைப்பிடியைத் திருகிப் பார்க்கச் சொல்கிறார். அது உள்ளிருந்தே திறக்கிறது. பல காவலர்கள் இந்த உடலும் தங்கள் உடல்தான் என்பதையே நம்புவதில்லை. மற்ற ஆளுமையைக் கொன்றுவிட்டுத் தான் மட்டும் பிழைத்திருக்கலாம் என்று நினைப்பவர்களும் உண்டு. கீறினால் வலிப்பது உங்களுக்கும்தான் என்பதை உணர்த்தவே மாதங்கள் ஆகலாம்.

அந்த வேலையில் ஒரு கண்டிப்பும் இருக்கிறது. விலகல் கோளாறுகளுக்கான சர்வதேச ஆய்வுச் சங்கம் 2011இல் வெளியிட்ட வழிகாட்டு நெறிகள், எந்த ஆளுமையையும் புறக்கணிக்கச் சொல்வதோ ஒழித்துக்கட்டச் சொல்வதோ பலனைக் கெடுக்கும் என்கின்றன. பிடித்த ஆளுமைக்குச் சலுகை காட்டுவதும் கூடாது. அதே நெறிகள், எந்த ஆளுமை செய்தாலும் பொறுப்பு முழு மனிதருக்கும் உண்டு என்றும் சொல்கின்றன. நான் செய்யவில்லை, அவன்தான் செய்தான் என்று தப்பிக்க முடியாது. உள்ளே இருப்பவர்களை ஒரு மேசையைச் சுற்றி உட்காரவைப்பதாகக் கற்பனை செய்து, ஒவ்வொருவராகப் பேசவைக்கும் முறையை கனடாவைச் சேர்ந்த ஜார்ஜ் ஃபிரேசர் 1991இல் விவரித்தார். வெறுக்கப்பட்ட காவலருக்கும் அந்த மேசையில் ஒரு நாற்காலி போட வேண்டும்.

பழைய நினைவுகளைக் கிளறுவது இதற்கெல்லாம் பிறகுதான். முதலில் பாதுகாப்பு, அடுத்து நினைவு, கடைசியில் அன்றாட வாழ்வு என்ற மூன்று கட்ட வரிசையைப் பிரெஞ்சு மருத்துவர் பியர் ஜானே நூறாண்டுக்கு முன்பே வகுத்தார். அமெரிக்க மனநல மருத்துவர் ஜூடித் ஹெர்மன் 1992இல் அதை மீண்டும் நிலைநாட்டினார். காவலர்களின் சம்மதமில்லாமல் இரண்டாம் கட்டத்துக்குத் தாவினால், அவர்கள் தங்களுக்குத் தெரிந்த ஒரே வழியில், கீறியும் மருந்தை அள்ளி விழுங்கவைத்தும், தடுப்பார்கள். முறையாகப் போனால் பலன் இருக்கிறது. பெத்தனி பிராண்ட் தலைமையிலான அமெரிக்கக் குழு 19 நாடுகளைச் சேர்ந்த 280 நோயாளிகளை அவர்களுடைய சிகிச்சையாளர்களோடு சேர்த்துப் பின்தொடர்ந்தபோது, காலப்போக்கில் தன்னைத்தானே காயப்படுத்துவதும் மருத்துவமனையில் சேர்க்கப்படுவதும் குறைந்தன. தங்களைப் பாதுகாத்துக்கொள்ளவும் உணர்ச்சிகளைக் கையாளவும் இணையம் வழியே கற்றுத்தந்த பிற்கால ஆய்விலும் இதே போக்கு தெரிந்தது. கட்டுப்பாட்டுக் குழு இல்லாத ஆய்வுகள் இவை. ஆகவே இவற்றைக் கடைசி வார்த்தையாகக் கொள்ள முடியாது. ஆனாலும் நம்பிக்கை கொள்ள இடமிருக்கிறது.

அடித்த காவலர் எப்படி மாறுகிறார் என்பதற்குத் தெளிவான பதிவு ராபர்ட் ஆக்ஸ்னமுடையது. சீன வரலாற்று அறிஞர். நியூயார்க்கின் ஏசியா சொசைட்டிக்குப் பத்தாண்டுக்கு மேல் தலைவர். 1990இல் ஒருநாள் மனநல மருத்துவர் ஜெஃப்ரி ஸ்மித்தின் அறையிலிருந்து கிளம்பத் தயாரானவரிடம், இவ்வளவு நேரம் நான் பேசிக்கொண்டிருந்தது உங்களிடம் அல்ல, டாமி என்ற கோபக்காரப் பையனிடம் என்று மருத்துவர் சொன்னார். அடுத்தடுத்த ஆண்டுகளில் 11 ஆளுமைகள் வெளிப்பட்டன. எல்லாரும் உள்ளே ஒரு கோட்டையில் வாழ்ந்தார்கள். அதில் எல்லாரையும் வதைத்த கொடூரமான சூனியக்காரி ஒருத்தியும் இருந்தாள். 2005இல் வெளியான தன்வரலாற்றில் ஆக்ஸ்னம் எழுதியபடி, அவள் விரட்டப்படவில்லை. சிகிச்சையின் போக்கில் அவளிடமிருந்து வான்டா என்ற, பௌத்தத் துறவியின் அமைதி கொண்ட ஆளுமை வெளிப்பட்டது. குழுவின் நிதானமே அவளானாள்.

கடைசிக் கட்டத்தில் ஒரு சிக்கல் எழுகிறது, அதைப் பற்றி மருத்துவர்களும் இப்படி வாழ்பவர்களும் இன்னும் ஒத்துப்போகவில்லை. ரிச்சர்ட் கிளஃப்ட் போன்ற முன்னோடிகள் எல்லா ஆளுமைகளும் ஒன்றாகக் கலப்பதையே உறுதியான குணமாகக் கருதினார்கள். ஆனால் ஒன்றாகக் கலப்பது என்று கேட்டதும் காவலர்களுக்குக் காதில் விழுவது சாவு. முப்பது ஆண்டுகள் ஒரு குழந்தைக்காக அடி வாங்கியவரிடம், ஆபத்து தீர்ந்தது, இனி நீ வேண்டாம் என்று சொன்னால் யார்தான் ஏற்பார்? பலரும் 'நாங்கள்' என்றே தங்களைச் சொல்லிக்கொண்டு, ஒருவரையொருவர் அறிந்து, முடிவுகளைக் கலந்து எடுத்து, பலராகவே வாழ விரும்புகிறார்கள். 2011ஆம் ஆண்டு நெறிகளும் முழுக் கலப்பு எல்லாருக்கும் சாத்தியமில்லை, இசைவான ஒத்துழைப்பும் ஏற்கத்தக்க முடிவே என்று ஒப்புக்கொள்கின்றன. அதுவே நியாயமானது. காவலருக்கு வேறு வேலை கிடைக்கிறது: எரிந்து விழுந்தவர் இப்போது 'வேண்டாம்' என்று சொல்லத் தெரிந்தவர், வாசலை அடைத்தவர் களைப்பைக் கவனித்து ஓய்வெடுக்கச் சொல்பவர்.

ஆக்ஸ்னமின் பதினொரு பேரில் சிலர் மற்றவர்களோடு கலந்து, மூவர் எஞ்சினார்கள்: பொறுப்புகளைப் பார்த்துக்கொள்ளும் ராபர்ட், ஒருகாலத்தில் கோட்டைச் சிறையில் அடைபட்டிருந்து, பின்னால் சென்ட்ரல் பார்க்கில் ரோலர்பிளேடு ஓட்டித் திரிந்த சிறுவன் பாபி, வான்டா. தன்வரலாற்றில் உள்ளே இருந்தவர்கள் ஒவ்வொருவரும் தங்கள் பகுதியைத் தங்கள் குரலிலேயே சொல்கிறார்கள். சிகிச்சையளித்த ஸ்மித் பின்னுரை எழுதியிருக்கிறார்.